நெஞ்சுக்குள் நின்ற தண்ணீர்

விழுப்புரம் ஸ்டேஷனில் அந்த ஆளை முதன்முதலில் பார்த்தபோது, காலங்கார்த்தாலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். என் புத்தி அப்படி. எனக்குக் கோபம் முதலில் வரும், கண் அப்புறம்தான் பார்க்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பட்டாள வண்டிக்கு வழிவிட்டு நம் வண்டி எங்காவது பொட்டல் காட்டில் நின்றுவிடும். வந்து சேர்கிற வண்டியிலும் கால் வைக்க இடம் இருக்காது. எனக்கு வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை காலை வண்டியில் திரும்புவேன். அன்றைக்குப் பெண்கள் பெட்டியில் நிற்கக்கூட முடியாத கூட்டம். சரி போ என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்துப் பெட்டியில் ஏறினேன். ஏறின வாசலிலேயே ஒருவன் தரையில் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தான். மடியில் ஒரு துணி மூட்டை. அதன்மேல் நெற்றியை வைத்து அப்படியே மடங்கிக் கிடந்தான். பக்கத்தில் ஒருத்தி முந்தானையால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, உம் புருஷனுக்கு ராத்திரி போட்டது இன்னும் இறங்கலையா? வழியிலயா உட்கார வைப்பே?” என்றேன்.

“ஐயோ, குடிக்கலீங்கம்மா,” என்றாள் அவள். “அதுக்குப் படுக்க முடியலீங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆவுது, இப்படியேதான் குந்திக்கினு இருக்குது. படுத்தா மூச்சு அடைச்சிக்குது.”

அவன் மெல்லத் தலையைத் தூக்கினான். “ஒண்ணுமில்லீங்கம்மா. நல்லாத்தான் இருக்கேன். நீங்க வாங்க,” என்று சொல்லி நகரப் பார்த்தான். அப்போதுதான் அவன் கழுத்தைப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காறை எலும்பிலிருந்து காதுவரைக்கும் இரண்டு பக்கமும் நரம்பு கயிறாகப் புடைத்து நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற மனிதனுக்குக் கழுத்து நரம்பு அப்படி நிற்கவே கூடாது.

புடவை அழுக்காவதைப் பற்றிக்கூட நினைக்காமல் அவன் எதிரில் தரையிலேயே உட்கார்ந்து கையைப் பிடித்தேன். நாடி நூலாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூச்சை உள்ளே இழுத்தான். நாடி காணாமல் போயிற்று. மூச்சை விட்டான், திரும்ப வந்தது. மறுபடி இழுத்தான், மறுபடி காணோம். என் விரல்தான் மரத்துவிட்டதோ என்று மற்றக் கையைப் பிடித்துப் பார்த்தேன். அங்கேயும் அதே கதைதான். புத்தகத்தில் படித்ததுண்டு. ஒரு உயிருள்ள கையில் அதைத் தொட்டது அன்றுதான்.

“எங்கே போறீங்க ரெண்டு பேரும்?”

“மயிலத்துக்குங்கம்மா,” என்றாள் அவள். “விழுப்புரத்து டாக்டரு நெஞ்சு வீங்கிப்போச்சுன்னு மருந்துத் தண்ணி குடுத்தாரு, கேக்கல. மலைமேல முருகருக்கு வேண்டிக்கினு இருக்கோம். அது தன் காலால ஏறி வந்து கும்பிடறேன்னு வேண்டிக்கிச்சு.”

“ஏறியா? படி ஏறியா?” நான் போட்ட சத்தத்தில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “இவன் நாலு படி ஏறினா அஞ்சாவது படியில பொணம்மா! யாருடி உனக்கு இந்த யோசனை சொன்னது?”

அவள் விசிறுவதை நிறுத்திவிட்டாள். அவன் மட்டும், “அவ்ளோ இல்லீங்கம்மா. பரவால்லீங்க,” என்றான். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த உதட்டை வைத்துக்கொண்டுதான் பரவாயில்லை என்றான்.

மயிலம் வந்தபோது நான் அந்தத் துணிமூட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “நான் டாக்டர். திண்டிவனத்துல மிஷின் வச்சிருக்கோம், நெஞ்சுக்குள்ள இன்னா இருக்குன்னு பார்த்துடலாம். முருகன் மலையை விட்டு எங்கயும் போயிட மாட்டார். இறங்கினீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்,” என்றேன். அவன் “அம்மா சொன்னா சரிங்க,” என்று சொல்லிவிட்டான். அவள் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே அழுதாள். வேண்டுதலை முறித்த பாவம் தன் தாலிக்கு வந்து சேருமோ என்ற பயம் அவளுக்கு.

பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்க்கிறவள் என்பதுதான் அந்தக் காலத்து எண்ணம். எனக்கோ இருதயத்தின்மேல் பைத்தியம். பிற்காலத்தில் பட்டணத்தில், தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு இருதயத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கிற அறையில் பல வருஷம் வேலை செய்தேன். கேத் லேப் என்கிறார்கள். இருதயம் துடிப்பது அங்கே எதிரே திரையில் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரு இருதயத்தைப் பார்த்து நான் வெலவெலத்துப் போனது அங்கே இல்லை. திண்டிவனத்தில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த ஒரு அறையில்.

அது ஒரு தர்ம ஆஸ்பத்திரி. யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்த எக்ஸ்ரே மிஷின் ஒன்று இருந்தது. அதற்குக் கரண்ட் கொடுக்கக் கொல்லைப்புறத்தில் ஒரு எண்ணெய் இன்ஜின். யுத்த காலத்தில் மண்ணெண்ணெய்க்கு நாய் படாத பாடு. அதனால் இன்ஜினைப் போட வேண்டுமென்றால் எங்கள் பெரிய டாக்டர் உத்தரவு கொடுக்க வேண்டும். பெரிய டாக்டர் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தலைவர். கைராசிக்காரர். பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் சண்டை போடுகிறோம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். பாதி நாள் அது நிஜமாகவும் இருக்கும்.

அந்த மிஷினில் பார்ப்பதற்கு முன்னால் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். சிவப்புக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டப்பகலில் அதை மாட்டிக்கொண்டு நான் வராந்தாவில் நடந்தால், “இன்னாம்மா, கண்ணு நோவு வந்துருச்சா?” என்று நோயாளிகள் விசாரிப்பார்கள். அன்றைக்கும் ஒருத்தி விசாரித்தாள். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

இருட்டறையில் அவனை முக்காலியில் உட்காரவைத்து, பின்னால் மிஷின், முன்னால் திரை. நானும் பெரிய டாக்டரும் ஈய அங்கியைச் சுமந்துகொண்டு திரைக்கு எதிரில் நின்றோம். இன்ஜின் கொல்லையில் தடதடக்க, திரையில் பச்சை வெளிச்சம் படர்ந்தது. இருதயம் நெஞ்சுக்கூட்டை முழுக்க அடைத்துக்கொண்டு தண்ணீர்ப் பானை மாதிரி உட்கார்ந்திருந்தது. நுரையீரலுக்கு இரண்டு ஓரத்திலும் ஏதோ கொஞ்சம் இடம் மிச்சம்.

“ஊதிப் போச்சும்மா,” என்றார் பெரிய டாக்டர். “விழுப்புரத்துக்காரர் சொன்னது சரிதான். இனிமே நம்ம கையில ஒண்ணுமில்லை.”

“துடிக்கலையே சார்,” என்றேன்.

“என்னது?”

“ஓரத்தைப் பாருங்க. அசையவே இல்லை. இருதயமே இவ்வளவு பெரிசா ஊதியிருந்தா ஓரமாவது அசையணுமே. இது இருதயம் இல்லை சார். இருதயத்தைச் சுத்தித் தண்ணி.”

அவர் திரைக்கு மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தார். “ம்... தண்ணிதான்,” என்றார் கடைசியில். “ஊசியைக் கொதிக்கப் போடச் சொல்லு.”

இருதயம் ஒரு பைக்குள் இருக்கிறது. அந்தப் பைக்குள் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இருதயம் விரிய இடமில்லாமல் நசுங்கிப் போகும். இவனுக்கு ஏன் தண்ணீர் சேர்ந்தது, முன்னால் வந்த காய்ச்சலாலா வேறு எதனாலா என்பது எங்களுக்குத் தெரியாது. தண்ணீரை எடுக்காவிட்டால் ஓரிரு நாளில் போய்விடுவான் என்பது மட்டும் தெரியும். மார்பெலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே நீள ஊசியைக் குத்தி, மேல்நோக்கிச் செலுத்தி, பைக்குள் போய் உறிஞ்சி எடுக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனால் இருதயம்.

“நீயே குத்து,” என்றார் பெரிய டாக்டர்.

“நானா?”

“தண்ணின்னு சொன்னது நீதானே? குத்து. நான் பக்கத்துல இருக்கேன். ஊசி முனையில எதாவது இடிச்சா அப்படியே நிறுத்திடு. இடிக்கறது இருதயம்.”

நான் அதற்குமுன் குத்தினதில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்து அவனைச் சாய்த்து உட்காரவைத்தோம். மரத்துப்போகிற மருந்தைப் போட்டுவிட்டு ஊசியை இறக்கினேன். “வலிக்குதாய்யா?” என்றேன். “இல்லீங்கம்மா,” என்றான். நெற்றியிலிருந்து வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் செலுத்தினேன். ஏதோ தோலைத் தாண்டினது போலச் சட்டென்று கை இளகிற்று. சிரிஞ்சை இழுத்தேன். வைக்கோல் ஊறின தண்ணீர் நிறத்தில் ஒரு தண்ணீர் வந்தது. ஐயோ சாமி, எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரிய டாக்டர், “அழுவறதை அப்புறம் வச்சிக்கோ, இழு இழு,” என்று அதட்டினார்.

இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் ஜாடி நிறைந்தது. என் கண்ணெதிரிலேயே அவன் கழுத்து நரம்பு தாழ்ந்து தாழ்ந்து மறைந்தது. அப்புறம் ஊசி முனையில் டொக்கென்று ஏதோ இடித்தது. உலோகம் வழியாக என் விரலுக்கு வந்தது அந்த இடி. இன்னொன்று. இன்னொன்று. ஒரு மனிதனின் இருதயம் உள்ளேயிருந்து என் கையைத் தட்டியது. ஊசியை எப்படி வெளியே எடுத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். உள்ளே போய் வெளியே வந்த முழு மூச்சு. பிறகு, “அம்மா, கொஞ்சம் சாஞ்சிக்கட்டுங்களா?” என்று கேட்டான். அவனாக வாயைத் திறந்து ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. தலையணையை எடுத்தோம். மல்லாந்து படுத்தான். படுத்தது தெரியும், கண் மூடினது தெரியும், அவ்வளவுதான், அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டான். நர்ஸ் கையை நேராக நீட்டிவைத்து வெள்ளைத் துப்பட்டியைக் கழுத்துவரை இழுத்து மூடினாள்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கமிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. அந்த மாதிரி ஒரு குரலை நான் பிணவறை வாசலில்தான் கேட்டிருக்கிறேன். ஆண்கள் வார்டுக்குள் பெண்களை விடுவதில்லை என்பது எங்கள் ஆஸ்பத்திரிச் சட்டம். அவன் மனைவி வெளியே வராந்தாவில் காத்திருந்தவள், பொறுக்கமாட்டாமல் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். ஓடிப்போய்ப் பார்த்தால், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் ஜன்னல் கம்பியில் மோதிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வளையல் நொறுங்கித் தெறித்தது. மணிக்கட்டிலிருந்து ரத்தம்.

“யாரு செத்துட்டாங்கன்னு இப்படிக் கத்தறே? தூங்கறான்டி! தூங்கறான்!” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. சட்டமாவது ஒன்றாவது என்று அவளை இழுத்துக்கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அந்தக் களேபரத்தில் அவனே விழித்துக்கொண்டான். “இன்னா புள்ள?” என்றான். அவளைப் பார்த்தான், விரிந்த தலையை, ரத்தம் வழிந்த கையை. அவள் நின்ற இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

கட்டுப் போடும்போது சொன்னாள்: “மல்லாந்து நேரா கெடந்துச்சுங்கம்மா. கை ரெண்டும் நீட்டிக்கினு, வெள்ளத் துணி போத்திக்கினு. ஒரு மாசமா அது முதுவு தரையில படலீங்க. நான் இன்னான்னு நெனைக்கறது?”

உள்ளே நடந்ததை ஒருத்தரும் வெளியே வந்து அவளிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு இந்தக் கெட்ட பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. வராந்தாவில் இருந்த பெண்கள் வேறு, புருஷன் உயிரோடு இருக்கும்போது வளையலை உடைத்துக்கொண்டாளே பாவி என்று அவள் காதுபடவே முணுமுணுத்தார்கள். அவர்களை நான் கிழித்த கிழியில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவளுக்குள் ஏறின பயம் மட்டும் இறங்கவில்லை. கட்டிலில் அவன் அவளுடைய வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் மறுபடியும் சேரலாம், சேர்ந்தால் உடனே எடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கவலை. பெரிய டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார். “இந்த ஆளுகிட்ட எப்படி இருக்கேன்னு கேக்காதே. சாகப்போற நேரத்துல கேட்டாக்கூட நல்லாத்தான் இருக்கேன்னுதான் சொல்லுவான். வாயைக் கேக்காதே, உடம்பைப் பாரு. படுக்காம உட்கார ஆரம்பிச்சான்னா தண்ணி சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். அந்த நிமிஷமே எனக்குத் தெரியணும்.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வளவனூர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் நடக்கத் தெரிந்த வயசிலிருந்து வேலை செய்தவன் அவன். உடம்பு முடியவில்லை என்று வாயைத் திறந்தால் மறுநாள் அந்த வேலையில் வேறொருவன் நிற்பான். “நல்லாத்தான் இருக்கேன் சாமி” என்பதை அவன் ஆண்டைகளிடம் சொல்லிச் சொல்லி, எங்களிடமும் அதையேதான் சொன்னான். மூச்சு நிற்கப்போகிற மனிதனையும் அப்படிச் சொல்லவைத்த ஆண்டைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாரம் முழுக்க நன்றாக இருந்தான். கஞ்சி குடித்தான், கேப்பைக் கூழ் கிடைக்குமா என்று மெல்லக் கேட்டானாம். சனிக்கிழமை நான் நிம்மதியாக விழுப்புரத்துக்கு வண்டி ஏறினேன்.

திங்கட்கிழமை திரும்பி வந்தபோது நர்ஸ் கேட்டிலேயே நின்றிருந்தாள். “டாக்டரம்மா, சனிக்கிழமை சாயந்தரத்துலேர்ந்து படுக்கவே இல்லீங்க. பழையபடி மூட்டையை மடியில வச்சிக்கினு கவுந்துக்கினே இருக்கறாரு. படுன்னா, பரவால்லீங்கன்றாரு.”

ஓடினேன். பெரிய டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தட்டில் அதே நீள ஊசி, கொதிக்கவைத்துத் தயாராக. “வந்துட்டியா? கையைக் கழுவு. நேத்தே தெரிஞ்சிருந்தா நானே குத்தியிருப்பேன். ஊர்ல இல்லாம போயிட்டேன்,” என்றார்.

அவன் மூட்டைமேல் கவிழ்ந்திருந்தான். தூக்கமில்லாமல் முகம் உப்பிக் கண் சிவந்து கிடந்தது. “மூச்சு முட்டுதாய்யா?” என்று கேட்டேன். “இல்லீங்கம்மா. நல்லாத்தான் இருக்கேன்,” என்றான். யார் நம்புவது? நானும் நம்பவில்லை. நாடியைப் பிடித்தேன். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் தளர்ந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். போன தடவை இருதயச் சத்தம் எங்கேயோ அடுத்த ஊரில் கேட்டது. இப்போது காதுக்குள்ளேயே இடித்தது.

“சார், சத்தம் நல்லா கேக்குதே.”

“சத்தம் ஏமாத்தும்.”

“நாடியும் ரயில்ல பார்த்த மாதிரி இல்லை.”

“இல்லாம இருக்கணும்னு உனக்கு ஆசை. படுத்துத் தூங்கினவன் ரெண்டு நாளா உட்கார்ந்திருக்கானே, அதுக்கு என்ன சொல்றே? காத்திருந்து காத்திருந்து போன வருஷம் ஒருத்தனைக் கோட்டைவிட்டேன். இன்னொருத்தனை விடமாட்டேன். குத்து.”

ஊசியைக் கையில் எடுத்தும்விட்டேன். என் கையில் அது இருந்தது. நர்ஸ் அவன் சட்டையை விலக்கி மருந்து தடவிவிட்டாள். அவன் தன் வயிற்றை எனக்குக் காட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ காதில் அந்தச் சத்தமே இடித்துக்கொண்டிருந்தது. ஊசியைத் தட்டில் போட்டேன்.

“மிஷின்ல பார்த்துட்டுத்தான் குத்துவேன்.”

“மண்ணெண்ணெய் இல்லை. இருக்கறது ஆபரேஷனுக்கு.”

“அப்படின்னா நீங்களே குத்துங்க சார். நான் குத்தமாட்டேன்.”

நோயாளிகள் எதிரில் அவரிடம் யாரும் அப்படிப் பேசினதில்லை. முகம் கறுத்துப் போயிற்று. ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்ஜினைப் போடச் சொல்லு,” என்று கத்திவிட்டு இருட்டறைக்கு நடந்தார்.

சிவப்புக் கண்ணாடியோடு நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவனை முக்காலியில் உட்காரவைத்தோம். திரை வெளிச்சமானது.

இருதயம் சின்னதாக இருந்தது. அவன் கைமுட்டி அளவு. இரண்டு பக்கமும் நுரையீரல் தெளிந்து கிடந்தது. நடுவில் அது குதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஓரமும் தனித்தனியாகத் துடித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தண்ணீரே இல்லாத அந்த நெஞ்சில் ஊசியை இறக்கியிருந்தால் அது முதலில் தொட்டிருப்பது அந்தக் குதிக்கிற சதையைத்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது துடித்தது, துடித்தது, துடித்தது. பக்கத்தில் பெரிய டாக்டர் இருட்டில் தடவித் தடவி ஒரு ஸ்டூலைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிட்டார். அவர் மூச்சுவிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

கதவைத் திறந்து வெளிச்சம் வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். “ஏன்யா படுக்கலை?”

“ஒண்ணுமில்லீங்கம்மா.”

“ஒண்ணுமில்லையா? உன் நெஞ்சுல ஊசியை ஏத்தியிருப்பேன்யா! இந்நேரம் செத்திருப்பே! வாயைத் திறந்து சொல்லேன்யா, கையெடுத்துக் கும்பிடறேன்!” நிஜமாகவே அவன் எதிரில் கையைக் கூப்பிவிட்டேன். அவன் அதைப் பார்த்துப் பதறிப்போனான். தரையைப் பார்த்துக்கொண்டு வெட்கத்தோடு சொன்னான்.

“படுத்தா அது பயந்துக்குதுங்கம்மா.”

“எது?”

“எங்க வூட்டுதுங்க. சன்னல்ல வந்து வந்து பாக்குது. நான் படுத்திருந்தா வாயப் பொத்திக்கினு அப்பிடியே செவுத்துல சாஞ்சிடுது. மூச்சு வருதா, வருதான்னு பாத்துக்கினே நிக்குதுங்க, சோறு தண்ணி இல்லாம. சனிக்கெழமதான் எனக்கே அது புரிஞ்சிது. குந்திக்கினு இருந்தேன்னா உசுரோட இருக்கறேன்னு அதுக்குத் தெரியுது. போயி செத்த நேரம் படுக்குது. அதாங்க.”

எங்களுக்கு அவன் உட்கார்ந்தால் சாவு. அவளுக்கு அவன் படுத்தால் சாவு. இரண்டுக்கும் நடுவில் இந்த மனிதன் தூக்கத்தை விட்டு மூட்டைமேல் கவிழ்ந்திருந்தான்.

பெரிய டாக்டர்தான் எழுந்தார். “அந்தப் பொண்ணை உள்ளே கூப்பிடு,” என்றார். “வார்டுக்குள்ளேயா சார்?” என்று நர்ஸ் இழுத்தாள். “ஆம்பளை வார்டாவது மண்ணாவது! கூப்பிடுன்னா கூப்பிடு!”

அவள் பயந்துகொண்டே வந்து நின்றாள். அவனைப் படுக்கச் சொன்னேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அங்குலமாகச் சாய்ந்தான். தலை தலையணையைத் தொட்டதும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கட்டுப் போட்ட அவள் கையைப் பிடித்து இழுத்து அவன் நெஞ்சில், இடது பக்கம், முலைக்குக் கீழே வைத்து அழுத்தினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். “குதிக்குதுங்கம்மா!” என்றாள். “உள்ள குதிக்குதுங்க!”

அவன் இன்னும் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ தூங்குய்யா,” என்றாள் அவள். “எனக்குக் கையிலயே தெரியுது.”